அண்ணன் நேர்ந்த மலை

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் கோவைக்குப் பக்கத்தில், ஏழாவது மலையில் சிவன் இருக்கும் வெள்ளியங்கிரி ஏறுவதாக அண்ணன் நேர்ந்திருந்தான். அம்மாவுக்குப் பார்வை தெளிந்தது. மலை திறப்பதற்குள் அண்ணன் போய்விட்டான். நெஞ்சு வலிக்கிறது என்றான், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பக்கூட நேரம் தரவில்லை. துக்க வருஷத்தில் மலைக்கோவில் ஏறக்கூடாது, தலைத்திவசம் கழியட்டும் என்று காத்திருந்தோம். அது முடிந்ததும் அம்மா, "அவன் நேர்ந்தது பாக்கி நிக்கக் கூடாது, நீ போய் முடிச்சுட்டு வா கண்ணு" என்று அவனுடைய மூங்கில் தடியை எடுத்துக் கொடுத்தாள். பல வருஷம் அவனோடு மலையேறிய தடி. கை பிடிக்கும் இடம் மட்டும் வழவழவென்று கறுத்திருந்தது.

பிப்ரவரியிலிருந்து மே வரைதான் வனத்துறை ஏற விடுகிறது. அதனால் பூண்டி அடிவாரத்தில் கால் வைக்க இடமில்லை. தடி விற்கிறவர் ஒருவர், "இது பாதி மலையில ஒடிஞ்சிரும், புதுசு வாங்குங்க" என்று என் கையிலிருந்தே பிடுங்கப் பார்த்தார். வந்த கோபத்தை ஆண்டவர் சன்னதிக்கு முன்னால் நிற்கிறோமே என்று விழுங்கிக்கொண்டேன். மேலே போனால் ஸ்பீக்கரில் பாட்டு. சிவன் பாட்டாகவே இருக்கட்டும், யானை நடமாடும் காட்டில் ராத்திரி நேரத்தில் எதற்கு? தண்ணீர் பாட்டிலை வீசிவிட்டு "அரோகரா" என்கிறவர்களை என்ன சொல்ல!

முதல் மலைதான் ஆளைச் சோதிக்கும். படி, படி, படி. வெள்ளை விநாயகரைப் பார்ப்பதற்குள் தொடை நடுங்கிவிட்டது. அதுவரை அம்மாவுக்கும் அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் ஆறுதல் சொல்லியே அந்த வருஷம் ஓடியிருந்தது, நான் உட்கார்ந்து அழவே இல்லை. இருட்டில், டார்ச் வெளிச்சம் விழும் அந்த ஒரு படியை மட்டும் பார்த்து ஏறும்போது கண்ணீர் தானாக வந்தது. வியர்வையோடு அதுவும் வழிந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இறங்கி வந்தவர்கள், "கொஞ்சந்தான் சாமி, சிவனே கூட்டிட்டுப் போவான்" என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.

வழுக்குப்பாறை தாண்டி மேலே போகப் போகக் குளிர்காற்று ஆளைத் தள்ளியது. ஒரு பாறை மறைவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சாய்ந்தேன். கல்தரை, காதுக்குள் காற்று, இருந்தும் அப்படி ஒரு தூக்கம். வீட்டு மெத்தையில் மாதக்கணக்கில் வராத தூக்கம்! ஆறாவது மலையில் ஆண்டி சுனையில் முங்கி எழுந்தபோது உடம்பு விறைத்தது, நெஞ்சு லேசானது.

ஏழாவது மலை ஏறி முடிக்க விடிந்துவிட்டது. சுமார் 6,000 அடி உயரத்தில், கவிந்து நிற்கும் பெரும்பாறைகளுக்கு அடியில் சுயம்புவாக என் அப்பன். முன்னால் ஒரே தள்ளுமுள்ளு, செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு கூட்டம். குனிந்து உள்ளே போனதும் பூசாரி, "பேரு, நட்சத்திரம்?" என்றார்.

அண்ணன் பேர் நாக்கு நுனி வரை வந்து நின்றது. அந்தப் பேருக்கு இனி அர்ச்சனை இல்லை. என் பேரைச் சொல்லவும் மனசு வரவில்லை. பின்னால் நின்ற பெரியவர் என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, தோளில் கை வைத்து, "சாமி பேருக்கே பண்ணுங்க சாமி" என்றார். கற்பூரம் காட்டினார்கள். அந்தச் சுடரில் லிங்கத் திருமேனியும் வில்வமும் தெரிந்தது கொஞ்ச நேரம்தான். அண்ணனை எங்கே வைத்திருக்கிறாய் என்று ஒரு வருஷமாகச் சிவனிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தவன் நான். அங்கே ஒன்றுமே கேட்கத் தோன்றவில்லை. அவன் பேருக்கே என்று சொன்னபிறகு, அண்ணனும் அதற்குள்தானே?

அப்பா, வெள்ளியங்கிரி ஆண்டவா! அம்மாவுக்குக் கண்ணைக் கொடுத்தாய், எனக்கு அழுகையைக் கொடுத்தாய், தூக்கத்தைக் கொடுத்தாய். முன்பின் தெரியாத அந்தப் பெரியவரை என் பின்னால் நிற்க வைத்தாயே, அதற்கு என்ன செய்வேன்? அண்ணன் நேர்த்தி முடிந்தது. இனி என் கணக்கில் வருஷா வருஷம் வருகிறேன், அதே தடியோடு. உன் பாதமே சரணம்.