மூன்றாவது நாகாதோ: சுவா ஏரிக்கரை நாட்குறிப்பு

ஜூன் 17

ஈரப்பதம் 81 சதவீதம். எங்கள் ஜப்பானிய முரசுகளில் மூன்றாவது நாகாதோ தொய்ந்துவிட்டது. ‘தோன்’ என்று எழ வேண்டிய இடத்தில் ‘தொப்’.

ஷிமே என்ற சிறு முரசாக இருந்தால் கயிற்றையோ போல்ட்டையோ இறுக்கிச் சுருதியை மேலே கொண்டுவரலாம். ஒகேதோ முரசிலும் கயிறு உண்டு. நாகாதோவில் முறுக்குவதற்கு ஒன்றுமில்லை. ஒரே மரத்தண்டைக் குடைந்த உடல், அதன் இரண்டு வாயிலும் மாட்டுத்தோல், சுற்றிலும் ஆணி. மழைக்காலத்தில் தோல் ஈரம் குடித்துத் தளரும், காய்ந்தால் தானே ஏறும். அதுவரை காத்திருக்கத்தான் வேண்டும்.

ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னார்கள். கூடவே கூடாது. வேகமாகக் காயும் தோல் ஆணி வரிசையில்தான் முதலில் கிழியும், உடலின் கெயாக்கி மரமும் வெடிக்கும். அறையை மூடி ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை ஓட விட வேண்டும். காற்று நேரே தோலில் படாதபடி அது இரண்டு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். இரண்டு முகத்துக்கும் காற்று கிடைக்கும்படி முரசைப் படுக்க வைத்து, உறையைக் கழற்றிவிட வேண்டும்.

ஜூன் 18

79.

ஜூன் 21

ஆகஸ்டில் முதியோர் பகல் இல்லத்தில் அடிக்கப்போகும் நிகழ்ச்சிக்கு 12 டயர் முரசு முடிந்தது. பழைய கார் டயர், 5 சென்டிமீட்டர் அகலப் பேக்கிங் டேப். முதல் பட்டையைக் குறுக்கே இழுத்து, இரு முனையையும் பக்கவாட்டில் பத்துப் பத்து சென்டிமீட்டர் மடித்து ஒட்ட வேண்டும். அடுத்தது அதற்குச் செங்குத்தாக. பிறகு இடைவெளிகளைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போனால் 16 பட்டையில் வாய் மூடிவிடும். அதன் மேல் இன்னொரு அடுக்கு. ஒரு டயருக்குச் சுமார் 25 மீட்டர், ஆக 50 மீட்டர் சுருள் 7 வாங்கினோம்.

ஒருவரே ஒட்டினால் வராது. இருவர் எதிரெதிரே நின்று இழுக்க, மூன்றாமவர் நடுவில் தேய்த்துவிட வேண்டும். ஒரே ஒரு பட்டை தளர்ந்தாலும் ஒவ்வொரு அடிக்கும் ‘கிர்ர்’ என்று அதிரும். பிறகு அதைத் தேடிப் பிரிப்பது பெரிய வேலை. வெயிலில் வைத்தால் பசை இளகி எல்லாமே தொய்ந்துவிடும்.

ஜூன் 22

ஜன்னலோர நாற்காலி காலி.

ஜூன் 28

கூடத்தில் ஒலி அளந்தோம். கூரை உயரம் 2.4 மீட்டர்தான். 1 ஷாகு 6 சுன் முரசு, அதாவது 48 சென்டிமீட்டர் முகம், முழுக்கை வீச்சில் அடித்தால் பக்கத்தில் நிற்பவர் காதில் நூறு டெசிபெலைத் தாண்டுகிறது. 85 டெசிபெல் என்றால் எட்டு மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 கூடும்போதும் நேரம் பாதியாகும் என்பது கணக்கு. அப்படிப் பார்த்தால் 100இல் கால் மணி நேரம்தான். அடிப்பவர்கள் எல்லாரும் காதடைப்பான் போட வேண்டும். இதில் வீரம் காட்ட எதுவுமில்லை.

ஆனால் முதியவர்கள் முகம் சுளித்தது அந்தத் ‘தோன்’னுக்கு அல்ல, விளிம்பு மரத்தில் விழும் ‘கா’வுக்கு.

மெதுவாகத் தொடங்கலாம் என்று எல்லாரும் விளிம்பு மரத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். தோலில் அடித்தால்தான் சத்தம் என்ற எண்ணம். விளிம்பு அடி கூர்மையானது, முழுக்க மேல் சுருதி. வயதான காது மேல் சுருதியைத்தான் முதலில் இழக்கிறது. மெல்ல ஒலித்தால் கேட்காது, கொஞ்சம் கூட்டினால் திடீரென்று குத்தும். காதுக்கருவி போட்டிருந்தால் இன்னும் மோசம். இன்று ஓர் அம்மா கருவியையே கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்திலிருந்தவர் சட்டென்று தன் கையால் அவர் காதைப் பொத்தினார்.

‘கா’ வேண்டாம். முரசின் அடியில் மடித்த கம்பளம், பச்சி என்ற அடிகோலின் முனையில் ஃபெல்ட் உறை, அடி தோலின் நடுவில் மட்டும்.

ஜூலை 2

ஷிமேயும் வேண்டாம், அதாரிகானே என்ற கைச்சேகண்டியும் வேண்டாம் என்று முடிவானது. அதன் பிறகு தூக்கமில்லை.

இந்த ஏரிக்கரையில்தான், ஒகாயாவில், 1951இல் ஓகுச்சி தாய்ஹாச்சி பல முரசுகளைச் சேர்த்து ஒரு குழுவாக அடிக்க வைத்தார். ஜாஸ் டிரம் வாசித்தவர். சுவா கோயில் இசையின் பழைய ஏடு ஒன்று கைக்கு வந்தபோது, ஏன் ஒரே முரசு, ஏன் ஒரே குரல் என்று கேட்டவர். ஷிமே ‘தெக்கே தெக்கே’ என்று அடித்தளத் தாளத்தைப் பிடித்துக்கொள்ள, நாகாதோ மேலே நடக்க, பெருமுரசு கீழே நிற்கும். குமிதைக்கோ என்ற குழு முரசிசையே இந்தப் பங்கீடுதான். அதில் ஷிமேயை எடுத்துவிட்டால் நடை போய்விடும். இழுக்கும், அல்லது ஓடும்.

ஆனால் ஷிமேயின் வேலை நேரத்தைச் சொல்வது. அதைச் சொல்ல மேல் சுருதிதான் வேண்டும் என்பதில்லை. ஒரு டயரைப் பாயில் வைத்து, ஒருவர் ‘தோன்கோ தோன்கோ’ என்று மாறாமல் பிடித்தால் போதாதா? நாளை சொற்கட்டாகவே வாயில் சொல்லிப் பார்க்க வேண்டும். வாயில் நிற்காதது கையில் நிற்காது.

அதாரிகானே இல்லாமல் திருவிழா வாசம் வராது. அது உண்மைதான். நடைபாதையில், கதவைச் சாத்திவிட்டு ஒருவர் அடிக்கட்டும். தூரத்துக் கோயில் போலக் கேட்கும்.

ஜூலை 3

கதவு சாத்தி அடித்தது நன்றாக இருக்கிறது. மிக நன்றாக.

ஜூலை 6

பச்சி. கருவாலி மரம் கனம், வேண்டாம். மக்னோலியா மரத்தில் 36 சென்டிமீட்டருக்கு அறுத்தது போதும். பிடி பலமில்லாதவருக்குக் கைக்குட்டைத் துண்டைச் சுற்றி மேலே இரண்டு ரப்பர் வளையம். பருமன் கூடினால் விரல்கள் முழுக்க மடங்க வேண்டியதில்லை. பக்கவாதத்தில் வலக்கை எழாதவருக்கு டயரை இடப்பக்கம் நகர்த்தி வைக்க வேண்டும். நடுவில் வைத்தால் உடலைத் திருப்பித் திருப்பித் தோள் வலி கண்டுவிடும்.

ஜூலை 11

ஒரோஷி பழகினோம். மூன்று விநாடிக்கு ஓர் அடி என்று தொடங்கி, இடைவெளி சுருங்கிச் சுருங்கி, கடைசியில் மழை பொழிவதுபோல் ஆகி, மறுபடி விரிந்து நிற்க வேண்டும். கெடுவது எப்போதும் ஒரே இடத்தில். நாலாவது ஐந்தாவது அடியிலேயே பொறுமை போய் ஓடிவிடுகிறார்கள். அடிக்கும் அடிக்கும் நடுவில் இருக்கும் ‘மா’, அந்தக் காத்திருப்பு, அதைக் கையால் நிரப்ப வேண்டியதில்லை. அந்த நேரத்தில் மூச்சை வெளியே விடச் சொன்னோம். அடுத்த அடி தானாகச் சரியான இடத்தில் விழுந்தது. பேச்சு குறைந்துபோன ஒருவர் முழு ஒரோஷியும் தவறாமல் அடித்தார், கண்ணை மூடிக்கொண்டு.

நோய் தீரும் என்று யாரிடமும் சொல்லக் கூடாது. குடும்பத்தார் கேட்கிறார்கள், ஆசையாகக் கேட்கிறார்கள். மூச்சு சீராகிறது, கை எழுகிறது, பக்கத்திலிருப்பவரைப் பார்க்கிறார்கள். கண்ணால் பார்த்த இந்த மூன்றை மட்டும் சொல்லலாம்.

ஜூலை 12

இன்றும் காலி. டயரை அங்கேயே வைத்திருக்கிறோம்.

ஜூலை 20

மழை ஓய்ந்தது! 57. மூன்றாவது நாகாதோ எழுந்துவிட்டது, வயிற்றில் கேட்கிறது.

ஜூலை 21

மகிழ்ச்சி ஒரு நாள்கூட நிற்கவில்லை. மூன்றாவதில் ஓர் ஆணி இரண்டு மில்லிமீட்டர் வெளியே வந்திருக்கிறது. ஈரத்தில் தளர்ந்த தோலை அடித்தது, பிறகு அது சுருங்கி இழுத்தது, இரண்டும் சேர்ந்த வேலை. சுத்தியலால் தட்டி உள்ளே தள்ளலாம் என்று தோன்றும். செய்யக் கூடாது. அகன்றுபோன துளையில் ஆணி நிற்காது, அடுத்த ஆணியின் மேல் சுமை ஏறும், வரிசையாகக் கழன்று வரும். தோல் மாற்றத்தான் வேண்டும் என்றால், ஊறவைத்த புதுத்தோலைக் கயிறும் ஜாக்கியும் கொண்டு இழுத்து, ஆள் மேலே ஏறிக் குதிகாலால் மிதித்து, மறுபடி இழுத்து, அப்புறம்தான் ஆணி. புதுத்தோல் அடிக்க அடிக்கக் கொஞ்சம் இறங்கும், அதனால் சற்று உயரமாகவே கட்டுவார்கள். ஆகஸ்டுக்குள் நடக்காது. கழன்ற ஆணியை மேல்புறம் வராமல் கீழ்ப்பக்கம் திருப்பி, மெதுவாக மட்டும் அடிப்பது.

ஜூலை 27

ரின் என்ற கிண்ண மணியில் முடிக்கலாம். ஒரே ஒரு தட்டு. தன் காதில் ஒலி நின்றதும் ஒவ்வொருவரும் கையைத் தூக்க வேண்டும்.

மெத்தை பெரிதாக இருந்தது, கிண்ணத்தின் பக்கவாட்டைத் தொட்டு ஒலியை விழுங்கிவிட்டது. அடிப்பாகத்தை மட்டும் தாங்கும் சிறு வளையம் வைத்ததும் நீண்டது. கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஒருவர் கை உடனே எழுந்தது. கடைசிக் கை எழுந்தபோது மற்ற எல்லாருக்கும் எப்போதோ நின்றிருந்தது. முதலில் தூக்கியவர் கையை இறக்காமல், அந்தக் கடைசி ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 28

62. ஆணி அப்படியே.

ஆகஸ்ட் 4

66. ஆணி மூன்று மில்லிமீட்டர்.

ஆகஸ்ட் 9

பதினெட்டு நிமிடம். யாரும் காதைப் பொத்தவில்லை. ஷிமே இல்லாமலே நடை நின்றது, டயர் பிடித்தவர் ஒருமுறைகூட ஓடவில்லை. கதவுக்குப் பின்னால் அதாரிகானே தொடங்கியதும் மூன்று பேர் கதவைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

ஜன்னலோர நாற்காலியில் ஆள். ஆறு நிமிடம்.

ஆகஸ்ட் 10

இரண்டாவது ஆணியும் கழன்றுவிட்டது. நாளை காலை மூன்றாவது நாகாதோ வண்டியில் ஏறுகிறது. தோல் கீழே படாமல் பக்கவாட்டில் கிடத்தி, இருபுறமும் டயர் அண்டை கொடுக்க வேண்டும். இரண்டு டயர் போதும், ஜன்னலோரத்து டயரை எடுக்க வேண்டாம்.