அடையாள அட்டை இல்லாத காலத்தில் இறந்த என் பூட்டன்

அடையாள அட்டை என்ற ஒன்று வருவதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோன மனிதருடைய அடையாள அட்டை எண்ணைக் கேட்டு, மலேசியப் பதிவு அலுவலகத்தில் என்னை மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். அம்மம்மாவின் அப்பாவான என் பூட்டனுடைய மரணப் பதிவைத் தேடித்தான் போயிருந்தேன். மலாயாவில் அந்த அட்டை 1948-ல்தான் வந்தது என்று மூன்று முறையும் சொன்னேன். முகப்பில் இருந்த பெண் கணினித் திரையை என் பக்கம் திருப்பி, அந்தக் கட்டத்தை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது என்றார். என் பூட்டன் இறந்தது உண்மை, அவர் இந்த நாட்டில் வாழ்ந்ததும் உண்மை. ஒரு கட்டம் நிரம்பவில்லை என்பதற்காக அவரைத் தேடவே முடியாது என்றால் எப்படி? நினைத்தால் இப்போதும் நெஞ்சு கொதிக்கிறது.

நான்காம் முறை போனபோது வயதான அதிகாரி ஒருவர் இருந்தார். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய மரணம் என்றால் கணினியில் தேடுவது வீண், பழைய பதிவேட்டில் கையால் தேடித் தரும்படி எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள் என்றார். வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் முகப்பில் வாதாடி நாளைக் கழிக்காதீர்கள். கையால் தேடும் விண்ணப்பம் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

என் பூட்டன் யாழ்ப்பாணத்திலிருந்து பேராக் மாநிலத்துத் தைப்பிங் நகருக்கு வந்தவர். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை மலாயாவின் முதல் ரயில் பாதை 1885-ல் திறக்கப்பட்டது. அதற்குப் பிறகு மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்து இளைஞர்கள் குமாஸ்தாக்களாகவும் நிலைய அதிபர்களாகவும் நில அளவைப் பகுதியிலும் வேலைக்கு வந்துகொண்டே இருந்தார்கள். அப்படி முதலில் வந்து குடும்பமாக வேரூன்றியவர்களில் எங்கள் வீடும் ஒன்று. அவரோடு யார் யார் கப்பல் ஏறினார்கள், யார் இங்கேயே தங்கினார்கள், யார் ஊர் திரும்பினார்கள் என்று எழுதி வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அம்மாவின் தலைமுறையில் கேட்டுத் தெரிந்துகொள்ள இனி இரண்டு பேர்தான் மிச்சம்.

அம்மா சொன்ன கதை இது: 1931-ல் பொருளாதார மந்தத்தில் ஆட்குறைப்பு நடந்தது, வேலை போன கவலையில் பூட்டன் தைப்பிங்கில் இறந்துபோனார். அதை நம்பி, பேராக் மாநிலம், 1930 முதல் 1932 வரை என்று விண்ணப்பத்தில் எழுதினேன். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. பதிவு இல்லை.

அடுத்து யாழ்ப்பாணம் போனேன். பூட்டனின் மனைவியான என் பூட்டி ஊரோடு திரும்பி அங்கேயே இறந்தவர் என்பதால், அவருடைய மரணப் பதிவில் கணவரைப் பற்றி ஏதாவது இருக்கும் என்பது என் கணக்கு. இரவு பஸ்ஸில் போய் இறங்கி, காலையில் பிரதேச செயலகத்துக்குப் போனால் கதவு பூட்டியிருந்தது. அன்று போயா தினம். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் அரசு விடுமுறை என்பதை நான் யோசிக்கவே இல்லை. மறுநாள் சனி, அதற்கடுத்த நாள் ஞாயிறு. திங்கட்கிழமை மாலை எனக்கு விமானம். திங்கள் காலை போய் நின்றபோது, இறந்த ஆண்டு சரியாகத் தெரியாமல் தேட முடியாது என்று விண்ணப்பத்தையே வாங்கவில்லை. இலங்கைக்குப் போகிறவர்கள் பயணச்சீட்டு எடுக்கும் முன் நாட்காட்டியில் பௌர்ணமி எப்போது என்று பார்த்துவிடுங்கள்.

ஆனால் அந்தப் பூட்டிய கதவால்தான் சனிக்கிழமை சுழிபுரத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அம்மம்மாவின் தங்கை மகள் அவர். கல்வெட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டதும், சாமியறை அலுமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினார். யாழ்ப்பாணத்தார் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே கல்வெட்டு என்பது, இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்கு நாளில் கொடுக்கும் நினைவுச் சிறுநூல். இறந்தவரின் குலமும் ஊரும் பிள்ளைகளும் செய்யுளில் இருக்கும். டின்னுக்குள் பழைய நகைச்சீட்டுகளுக்குக் கீழே எட்டுப் பக்கத்தில் ஒன்று கிடந்தது. தைத்திருந்த கம்பி துருப்பிடித்து, நடுமடிப்பில் காபி நிறக் கறை இறங்கியிருந்தது. ஓரத்தைத் தொட்டால் தவிடாக உதிர்ந்தது. கையில் எடுக்காமல் மேசையில் வைத்தபடியே ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்தேன்.

முதல் பக்கத்தில் இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பா. சுக்கில ஆண்டு, ஆவணி மாதம், வளர்பிறைத் தசமி. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருவதால் சுக்கில ஆண்டு 1869-ஆக இருக்கலாம், 1929-ஆக இருக்கலாம், 1989-ஆகவும் இருக்கலாம். எங்கள் பூட்டனுக்குப் பொருந்துவது 1929 மட்டுமே. ஆவணி வளர்பிறைத் தசமியைக் கணக்கிட்டால் செப்டம்பர் 12 அல்லது 13 வருகிறது. மந்தம் தொடங்கும் முன்பே அவர் போய்விட்டார். ஆட்குறைப்புக் கதை வேறு யாருடையதோ, இவர் தலையில் ஏறியிருக்கிறது.

அம்மம்மா ஆவணியில் ஒரு நாள் மரக்கறி சமைத்துத் தன் அப்பாவுக்குப் படைப்பார். சிறு வயதில் நான் அந்த இலையில் சாப்பிட்டிருக்கிறேன். ஏன் அந்த நாள் என்று ஒருமுறையும் கேட்டதில்லை. உங்கள் வீட்டில் திவசம் செய்கிற முதியவர் யாராவது இருந்தால், எந்த அலுவலகத்துக்கும் போகும் முன் அவரிடம் திதியைக் கேளுங்கள்.

கல்வெட்டுக்குள் மடித்து வைத்த ஒரு பத்திரிகை நறுக்கும் இருந்தது. பெரியம்மாவின் தாயாருடைய மரண அறிவித்தல். ‘தைப்பிங்கைப் பிறப்பிடமாகவும் சுழிபுரத்தை வதிவிடமாகவும் கொண்ட’ என்று தொடங்கி, யாருடைய மகள், யாருடைய மருமகள், யாருடைய சகோதரி என்று வரிசையாகப் போனது. சகோதரர்களில் மூத்தவர் பெயருக்குப் பின்னால், அடைப்புக்குறிக்குள், மலாயா ரயில்வே, செந்தூல் என்று இருந்தது. அதைப் படித்ததும் எனக்குப் பொறி தட்டியது. அப்போது சிலாங்கூர் மாநிலத்தில் இருந்த செந்தூலில் ரயில்வேயின் பெரிய பட்டறை இருந்தது. நோயில் விழுந்தவர் மூத்த மகனுடைய குவார்ட்டர்ஸுக்குப் போயிருந்தால், மரணம் பேராக்கில் அல்ல, சிலாங்கூரில் அல்லவா பதிவாகியிருக்கும்? மரண அறிவித்தல்களில் பெயர்களை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஊரும் வேலையும்தான் தேட வேண்டிய இடத்தைக் காட்டும்.

திரும்பி வந்து, சிலாங்கூர், 1929 செப்டம்பர் என்று புதிய விண்ணப்பம் கொடுத்தேன். முதல் பதில் மறுபடியும் ‘இல்லை’. இந்த முறை விடவில்லை. நம் பெயர்களில் தந்தை பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று அக்காலத்துக் குமாஸ்தாக்கள் குழம்பியிருக்கிறார்கள். எழுத்துக்கூட்டலும் ஆளுக்கு ஒன்று. சின்னத்தம்பி என்று நாம் ஒரே விதமாக எழுதும் பெயரை ஒருவர் ஆங்கில எஸ்ஸில் தொடங்குவார், இன்னொருவர் சியில் தொடங்குவார். கடைசி எழுத்து ஓரிடத்தில் ஐ, மற்றோரிடத்தில் ஒய். பூட்டனுடைய பெயரையும் அவருடைய தந்தை பெயரையும் முன்பின்னாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து எழுத்துக்கூட்டல் போட்டு ஒரு தாளில் எழுதி விண்ணப்பத்தோடு இணைத்தேன். பத்தே நாளில் அழைப்பு வந்தது. அவர் தந்தை பெயரின் கீழ் பதிவாகியிருந்தார்.

ஒரே ஒரு தாள். செப்டம்பர் 13, வயது 52, நிமோனியா. அலுவலகப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து படித்தேன். அறிவித்தவர் என்ற கட்டத்தில் மகனுடைய பெயர் இருக்கும் என்று பார்த்தேன், இல்லை. வேறொருவர் பெயர். எங்கோ படித்த பெயராக இருக்கிறதே என்று கைப்பேசியில் அந்த நறுக்கின் படத்தைத் திறந்தேன். ‘யாருடைய மருமகள்’ என்ற வரியில் அதே பெயர் இருந்தது. பூட்டன் இறந்த செய்தியைப் பதிவு செய்யப் போனவரே பின்னாளில் அவருடைய மகளைத் தம் மகனுக்கு எடுத்திருக்கிறார். இறந்தவருக்கு என்ன உறவு என்ற இடத்தில் குமாஸ்தா ‘நண்பர்’ என்று எழுதியிருந்தார்.

அன்று இரவே பெரியம்மாவை அழைத்துச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அந்த ‘நண்பர்’, அதாவது தம் தந்தைவழிப் பாட்டனார், ஜப்பானியர் மலாயாவை ஆண்ட காலத்தில் தைப்பிங்கில் இறந்தார் என்றும், யாரும் போய்ப் பார்க்க முடியவில்லை என்றும் சொன்னார். அந்த ஆண்டுகளின் ஆவணங்களில் 2602, 2603 என்று ஜப்பானியக் கணக்கு இருக்கும். 1942-தான் 2602. 2602 முதல் 2605 வரை தேடச் சொல்லி, பெயரை ஆறு விதமாக எழுதி, நேற்றுக் காலை விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்தேன்.