மணல் மூட்டையும் மண்ணெண்ணெய் கேனும்

கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு பழைய ஷெட். அங்கேதான் மலை உச்சி ராணுவ முகாம்களுக்குச் சரக்கு கொண்டுபோகிற, எட்டு மோட்டார் எலெக்ட்ரிக் ட்ரோன் செய்துகொண்டிருந்தோம். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு பொட்டலில், மே மாத வெயிலில், 30 கிலோ மணல் மூட்டையை அது முதன்முதலாகத் தூக்கியபோது எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மாலையே விவரத்தாளில் ‘சுமை: 30 கிலோ’ என்று அடித்தவன் நான்தான்.

எங்களுக்கு ஆலோசகராக வந்தவர் வேலூர்ப் பக்கத்துக்காரர், ஓய்வுபெற்ற சுபேதார். சியாச்சினில் இரண்டு முறை இருந்தவர். தாளைப் பார்த்துவிட்டு, “தம்பி, மணல் மூட்டையை அங்க யாரும் கேக்கமாட்டாங்க. மண்ணெண்ணெய் தூக்குமா?” என்றார். அடுப்பு, குளிர்காய்வது, பனியை உருக்கிக் குடிதண்ணீர் எடுப்பது எல்லாமே அதை நம்பித்தானாம்.

20 லிட்டர் மண்ணெண்ணெய் 16 கிலோதானே, கேனோடு சேர்த்தாலும் 20-ஐத் தாண்டாது, இதென்ன பிரமாதம் என்று நினைத்தேன். கேனில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றிக் கட்டிவிட்டோம். ட்ரோன் ஒரு பக்கம் சாய்ந்தது. தண்ணீர் அந்தப் பக்கமே ஓடியது. ட்ரோனைச் சமநிலையில் வைக்கும் கன்ட்ரோலர் நிமிர்த்தப் பார்த்தது. தண்ணீர் மறுபக்கம் ஓடியது. இரண்டும் மல்லுக்கட்டியதில் வண்டி குடிகாரன் மாதிரி தள்ளாடி இறங்கியது. மணல் மூட்டை ரொம்ப நல்ல பிள்ளை, வைத்த இடத்தில் இருக்கும். கழுத்துவரை நிரப்பிய கேன் அவ்வளவு படுத்தவில்லை, சரி.

காற்றை என்ன செய்வது? 18,000 அடியில் அதன் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல், சுமார் 57 சதவீதம்தான். அதே எடையை அதே ப்ரொப்பெல்லரால் அந்தரத்தில் நிறுத்தவே சுமார் 1.3 மடங்கு மின்திறன் வேண்டும். பறக்கும் நேரம் அங்கேயே அடிபட்டுப் போகிறது. நான் அடித்த 30 கிலோ, சென்னைக் காற்றின் 30 கிலோ.

அப்புறம் குளிர். மைனஸ் 20 டிகிரிக்குச் சென்னையில் எங்கே போவது? காசிமேட்டில் மீன் வைக்கும் குளிர்கிடங்கு ஒன்றைப் பிடித்தோம். ராத்திரி முழுக்க இரண்டு பேட்டரிகளை வஞ்சிரத்துக்குப் பக்கத்தில் வைத்து, காலையில் கரண்டை இழுத்துப் பார்த்தோம். சும்மா இருந்தபோது 58 வோல்ட் காட்டியது, மோட்டார் அளவுக்குக் கரண்டை இழுத்ததும் 46-க்குக் கீழே விழுந்தது. சார்ஜ் தீரவில்லை, குளிரில் உள்தடை, அதாவது பேட்டரிக்குள்ளேயே கரண்டுக்கு இருக்கும் தடை, ஏறி, உள்ளே இருப்பதை வெளியே விட மறுக்கிறது. அந்தக் குளிரிலேயே சார்ஜ் போடவும் முடியாது. செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து கெட்டுவிடும்.

ஹீட்டர் வைக்கலாம் என்றேன். அதன் எடையும் அது குடிக்கும் கரண்டும் சுமையிலிருந்துதான் போகும். “பேட்டரியைப் பங்கர்ல அடுப்புப் பக்கம் வெச்சிருந்து, பறக்கும்போது எடுத்து மாட்டினா ஆகாதா?” என்றார் சுபேதார். ஆகும். பறக்க ஆரம்பித்துவிட்டால் பேட்டரி தன் சூட்டிலேயே ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆனால் எங்கள் பேட்டரியைக் கழற்ற ஆறு திருகாணி. கையுறையோடு அதைச் செய்யச் சொல்லி அவர் என்னிடமே கொடுத்தார். மூன்றாவது திருகாணி கீழே விழுந்தது. அடுத்த வாரமே கொக்கிப் பூட்டுக்கு மாறினோம். விவரத்தாளில் சுமைக்கு ஒரு வரி போய், உயரமும் வெப்பநிலையும் வாரியாக ஒரு அட்டவணை வந்தது.

குளிர்கிடங்குக்காரர் கொடுத்த ரசீதில் ‘மீன், 2 பெட்டி, 1 நாள்’ என்று இருந்தது. கணக்குப் பிரிவில் அதற்கு விளக்கம் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று.