பிரிண்ட் எடுக்கப் போய் ஜிமெயிலைத் தொலைத்தேன்

இரண்டே பக்கம் பிரிண்ட். போனில் சார்ஜ் இல்லை. பிரவுசிங் சென்டர் தம்பி "ஐடி, பாஸ்வேர்ட் சொல்லுங்கண்ணா, நானே எடுத்துத் தரேன்" என்றதும், பின்னால் நாலு பேர் நிற்கும்போதே எழுத்து எழுத்தாகச் சொன்னேன். டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன், அதாவது பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் வசதி, போடாததால் உடனே திறந்துகொண்டது, அன்றைக்கு அது வசதியாகத்தான் தெரிந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை ஜிமெயில் உள்ளே விடவில்லை. பாஸ்வேர்டை மாற்றி, ரெகவரிக்கு வைத்திருந்த என் நம்பரையும் எடுத்துவிட்டார்கள். நம்பரை மாற்றினாலும் பழைய நம்பருக்கு ஏழு நாள் வரை கோட் வாங்க கூகுள் வழி வைத்திருக்கிறது, அதுதான் காப்பாற்றியது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் முயன்றபோது நடக்கவில்லை, வழக்கமாக உபயோகிக்கும் வீட்டு லேப்டாப்பில் உட்கார்ந்ததும் கிடைத்தது.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, சரி, முடிந்தது என்றுதான் இருந்தேன். நண்பன் ஒருவன் செட்டிங்ஸில் ஃபில்டரைப் பார்க்கச் சொன்னான். பார்த்தால், பேங்க், ஓடிபி என்ற வார்த்தை இருக்கிற மெயிலெல்லாம் யாரோ ஒருவரின் முகவரிக்குப் போய்விட்டு என் இன்பாக்ஸில் இல்லாமல் போகும்படி வைத்திருக்கிறார்கள். பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் இந்த ஃபில்டர் அப்படியே இருக்கும். அவன் சொல்லாவிட்டால் எனக்கு இன்றுவரை தெரிந்திருக்காது.

அப்புறம் அதே கூகுள் கணக்கில் குரோம் வழியாகச் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டுகள். ஜிமெயில் போனால் அதுவும் சேர்ந்தே போகும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. ரயில் டிக்கெட், பிஎஃப், கரண்ட் பில் என்று ஒவ்வொன்றாக மாற்ற இரண்டு இரவு ஆனது. கூகுள் போட்டோஸில் கிடந்த ஆதார், பான் படங்களை யார் பார்த்தார்களோ, அதற்கு என்ன செய்வது? ஆதாரில் கைரேகை, கண் பதிவை யாரும் பயன்படுத்த முடியாதபடி பூட்டும் பயோமெட்ரிக் லாக் மட்டும் போட்டேன்.

பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு போன் அடித்திருக்க வேண்டும். எனக்குப் போகவில்லை, அதனால் மத்திய அரசின் சைபர் கிரைம் தளத்தில் புகார் பதிந்தேன். அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவில் மூன்று வருடம் வரை சிறை உண்டு. ஆனால் யார் மேல் சொல்வது? அந்தத் தம்பிதான் என்று என்னால் சொல்ல முடியாது. அந்த பிரவுசரில் பாஸ்வேர்ட் சேவ் ஆகியிருந்தால் அடுத்து அங்கே உட்கார்ந்த யாராகவும் இருக்கலாம்.

தங்கையின் கல்லூரி விண்ணப்பத்துக்கான மெயிலை அதே கடையில்தான், கடைக்காரர் நம்பரிலேயே ஆரம்பித்தோம். ஞாயிற்றுக்கிழமை அவளை உட்காரவைத்து அதை மாற்ற வேண்டும்.