தனி ஆளாக அப்பா ஆக முடியுமா?

இன்பாக்ஸில் அடிக்கடி வரும் கேள்வி. முடியும். ஆனால் பெண்ணுக்கு இருக்கிற வழிகள் ஆணுக்கு இல்லை.

செயற்கைக் கருத்தரிப்பை ஒழுங்குபடுத்தும் 2021 ஏஆர்டி சட்டப்படி 21 வயது தாண்டி 50க்குள் இருக்கும் பெண், கல்யாணம் ஆகாவிட்டாலும் பதிவுபெற்ற வங்கியின் விந்தணுவைக் கொண்டு ஐயூஐ (கருப்பைக்குள் விந்தணுவைச் செலுத்துவது), ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருவை உருவாக்குவது) செய்துகொள்ளலாம். தனி ஆணுக்கு அதில் இடமே இல்லை. வாடகைத்தாய் முறையும் அப்படித்தான்: தனி ஆட்களில் 35 முதல் 45 வயது வரையுள்ள விதவைக்கும் விவாகரத்தான பெண்ணுக்கும் மட்டும். மனைவியை இழந்த ஆணை ஏன் விட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மிச்சம் தத்து. மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பான காராவின் (CARA) கேரிங்ஸ் இணையதளத்தில் பதிந்து, 30 நாளில் ஆவணங்களை ஏற்ற வேண்டும். தனி ஆணுக்குப் பெண் குழந்தை கிடையாது. பெண்ணுக்கு இரண்டும் உண்டு. வயது வரம்பு இருவருக்கும் ஒன்றே: 2 வயதுவரை உள்ள குழந்தைக்கு நீங்கள் 40ஐத் தாண்டியிருக்கக் கூடாது, 4 வரை 45, 8 வரை 50, அதற்கு மேல் 55. காத்திருப்பு வருடக்கணக்கில் நீளும்.  உங்களுக்கு ஏதாவது ஆனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்வேன் என்று உறவினர் ஒருவர் தரும் உறுதிமொழியையும் முன்பே வாங்கி வையுங்கள். வீட்டாய்வுக்கு வருபவர் முதலில் கிண்டுவது அதைத்தான்.

இந்துக்களுக்கு 1956 இந்து தத்தெடுப்புச் சட்டம் தனி. அதில் தனி ஆணும் பெண் குழந்தையைத் தத்தெடுக்கலாம், 21 வயது வித்தியாசம் இருந்தால். ஏற்கெனவே மகள் இருந்தால் முடியாது. தத்துப் பத்திரத்தைச் சார்பதிவாளரிடம் பதியுங்கள். நோட்டரி முத்திரைக்கு அந்தப் பலம் இல்லை.