ஷார்ட் பாஸ் பழகுதல்: ஒரு நாட்குறிப்பு

ஜனவரி 6

கால்பந்தில் ஷார்ட் பாஸ், அதாவது அருகிலுள்ள சக வீரருக்குப் பந்தைத் தரையோடு தட்டித் தருவது, பழகத் தொடங்கினேன். பந்தை உதைக்கும் காலைப் பற்றித்தான் பேச்சு இருக்கும் என்று நினைத்துப் போனால், பயிற்சியாளர் இன்று முழுக்க மற்றக் காலைப் பற்றியே பேசினார். ஊன்று கால் பந்துக்குப் பக்கவாட்டில், ஏறத்தாழ ஒரு சாண் தள்ளிப் பதிய வேண்டும். அதன் விரல்கள் பந்து போய்ச் சேர வேண்டிய இடத்தை நோக்கியிருக்க வேண்டும். முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். இவை அமைந்துவிட்டால் இடுப்பு தானாகவே இலக்கின் பக்கம் திரும்பிவிடுகிறது. ஊன்று கால் பந்துக்குப் பின்னால் தங்கிவிட்டால் உடல் பின்னோக்கிச் சாய்கிறது, பாதம் பந்தின் அடிப்பகுதியைத் தொடுகிறது, தரையோடு போக வேண்டிய பந்து முழங்கால் உயரத்துக்கு எழும்பிவிடுகிறது. பந்தைத் தாண்டி முன்னால் பதிந்துவிட்டாலோ, உதைக்கும் காலை வீச இடமில்லாமல் பந்து கால்களுக்கிடையே சிக்கிக்கொள்கிறது.

ஜனவரி 9

இன்று பந்தைத் தொடும் இடம். பெருவிரலின் அடிமூட்டுக்கும் உட்புறக் கணுக்கால் எலும்புக்கும் நடுவே உள்ள அகலமான பகுதிதான் பந்தில் பட வேண்டும். பாதத்தில் இவ்வளவு பரப்புள்ள தட்டையான இடம் வேறு இல்லை என்பதால், சிறு தூரத்துக்கு இதைவிட நம்பகமான பாஸும் இல்லை. அதற்காகத் தொடையை இடுப்பிலிருந்தே வெளிப்புறமாகத் திருப்ப வேண்டும். பாதத்தை மட்டும் முறுக்கினால் பந்து பெருவிரலில் பட்டுக் கோணலாகப் போகிறது. விரல்களைச் சற்று மேலே தூக்கி, குதிகாலைக் கீழே அழுத்தி, கணுக்காலை இறுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பெரியவர்கள் ஆடும் 5ஆம் எண் பந்தின் எடை 410 முதல் 450 கிராம் வரை. கணுக்கால் தளர்ந்திருந்தால் அந்த எடைக்கே பாதம் பின்வாங்கி, விசையில் பாதி வீணாகிவிடுகிறது.

ஒரு சிறு கணக்கும் போட்டுப் பார்த்தேன். அந்தப் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ. என்றால் குறுக்களவு ஏறத்தாழ 22 செ.மீ.; அதாவது பந்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 11 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. பாதத்தைத் தரையை உரசியபடி கொண்டுவந்தால் பந்தின் நடுவைத் தொடவே முடியாது. பாதத்தைச் சில சென்டிமீட்டர் தூக்கியே கொண்டுவர வேண்டும் என்று பயிற்சியாளர் ஓயாமல் சொன்னதன் காரணம் இந்தக் கணக்குக்குப் பிறகுதான் விளங்கியது. நடுவில் சரியாகப் பட்டால் ‘டப்’ என்று ஒரு கனத்த ஒலி எழுகிறது. எங்கே பட்டது என்பதைப் பார்க்காமலேயே காதால் சொல்லிவிடலாம்.

ஜனவரி 17

சுவர்ப் பயிற்சி. சுவரில் சுண்ணக்கட்டியால் ஒரு கட்டம் வரைந்து, இரு கால்களாலும் மாறி மாறி அடித்தேன். திசையைப் பழக இதைவிடப் பொறுமையான துணை கிடையாது. ஆனால் எவ்வளவு வேகமாகத் தந்தாலும் சுவர் வாங்கிக்கொள்கிறது. வேகத்தின் அளவை மனிதர்களிடம்தான் கற்க வேண்டும்.

ஜனவரி 25

அந்த அளவை இன்று இருவராக, எட்டு மீட்டர் இடைவெளியில் பழகினோம். மெதுவாகத் தரும் பாஸ் பணிவானதாகத் தோன்றும். உண்மையில் அதுதான் எதிராளிக்கு ஓடிவந்து பறிக்க நேரம் தருகிறது. தொடக்கநிலை ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் அச்சத்தால் பந்தை மெதுவாகவே தள்ளுகிறோம் என்பது என் கணிப்பு. வாங்குபவர் ஒரே தொடுகையில் அடக்கக்கூடிய அளவுக்குள், இயன்றவரை வேகமாகத் தருவதே சரி. உயர்ந்த புல்லிலும் ஈரம் ஊறிய மண்ணிலும் பந்து விரைவில் வேகம் இழக்கும். நனைந்த குட்டைப் புல்லிலோ வழுக்கிக்கொண்டு ஓடும். ஆகவே ஆடத் தொடங்குமுன் நாலைந்து பாஸ்கள் தந்து தரையைச் சோதித்துக்கொள்வது நல்லது.

எந்தக் காலுக்குத் தருவது என்பதும் இதில் அடக்கம். எதிராளி வாங்குபவரின் இடப்பக்கம் நின்றால், பந்து வலக்காலுக்குப் போக வேண்டும்.

பிப்ரவரி 2

மழை. மைதானம் இல்லை, கால்பந்து வரலாற்றில் பாஸின் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஆடிய முதல் சர்வதேச ஆட்டம் கோலின்றிச் சமனில் முடிந்தது. ஆங்கிலேயர்கள் பந்தைத் தனியாளாக உருட்டிக்கொண்டு போவதையே பெரிதும் நம்பியிருந்த காலம் அது. ஸ்காட்லாந்துக்காரர்களோ ஒருவருக்கொருவர் பந்தைக் கைமாற்றி ஆடும் முறையை வளர்த்தெடுத்தார்கள். விதிகளும் பின்னாளில் இதற்குத் துணைபோயின. சக வீரர் வேண்டுமென்றே காலால் தரும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்ற 1992ஆம் ஆண்டு விதி, கோல்கீப்பர்களையும் இந்த எளிய பாஸைப் பழக வைத்தது. 2019 முதல் கோல் கிக்கை (கோலுக்கு அருகிலிருந்து ஆட்டத்தை மீண்டும் தொடங்கும் உதையை) கோலுக்கு முன்னுள்ள பெனால்டி எல்லைக்குள்ளேயே சக வீரர் வாங்கலாம் என்றானதும் அந்தத் தேவை இன்னும் கூடிவிட்டது.

பிப்ரவரி 11

வாங்கும் முறை. பந்து வந்து சேர்வதற்கு முன்பே தோளுக்கு மேலாக ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட வேண்டும். உடலைப் பக்கவாட்டில் திறந்து நின்று, பந்து வரும் திசையிலிருந்து தள்ளியிருக்கும் காலால் வாங்க வேண்டும். அப்படி வாங்கினால் முதல் தொடுகையிலேயே முன்னோக்கித் திரும்பிவிடலாம். பந்து பாதத்தைத் தொடும் கணத்தில் காலைச் சற்றுப் பின்னிழுத்தால் அதன் வேகம் அடங்குகிறது. காலை விறைப்பாக வைத்தால் பந்து ஒரு மீட்டர் எகிறிவிடும். எதிராளிக்கு அது போதும்.

பிப்ரவரி 20

ரோண்டோ என்னும் பயிற்சி ஆட்டம்: வெளிவட்டத்தில் பந்தைத் தமக்குள் தந்துகொள்ளும் நால்வர், நடுவில் அதைப் பறிப்பவர் இருவர். 1988 முதல் 1996 வரை ஸ்பெயினின் பார்சிலோனா அணியின் பயிற்சியாளராக இருந்த யோஹான் கிரைஃப் இதைத் தம் பயிற்சியின் மையத்தில் வைத்திருந்தார். ஆடிப் பார்த்தால் காரணம் தெரிகிறது: இதுவரை தனித்தனியாகப் பழகிய அனைத்தும் இரண்டு நொடிக்குள் ஒன்றுசேர வேண்டியிருக்கிறது. நடுவில் நிற்பவர்கள் பந்தைவிட நம் இடுப்பையே கவனிக்கிறார்கள். இலக்கை நோக்கி நாம் முன்கூட்டியே திரும்பிவிட்டால் அவர்கள் அங்கே போய் நின்றுவிடுகிறார்கள். அனுபவசாலிகள் அந்தத் திருப்பத்தைக் கடைசி நொடிவரை தள்ளிப்போடுகிறார்கள்.

தொடக்கத்தில் இரண்டு தொடுகைக்கு அனுமதி, பிறகு ஒன்றுதான். ஒரே தொடுகை என்றதும் எல்லோரும் வேகத்தைக் கூட்டினோம், பந்து வட்டத்தைவிட்டு ஓடிக்கொண்டே இருந்தது. பயிற்சியாளர் ஆட்டத்தை நிறுத்தி, பந்தைத் தந்தவர் நின்ற இடத்திலேயே நிற்காமல் பக்கவாட்டில் இரண்டடி நகர வேண்டும் என்று மட்டும் சொன்னார். அப்படி நகர்ந்ததும், பறிப்பவரின் பின்னால் மறைந்திருந்த ஆள் பந்து வைத்திருப்பவருக்குத் தெரியத் தொடங்கினார். பாஸ்கள் தொடர்ந்து போகலாயின.