நால்வரான இருவர்

ஹாலிவுட் நகைச்சுவை இணையான லாரல்-ஹார்டியின் குறும்படங்களில் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காதவை ஏராளம். 1933இல் வெளிவந்த ‘ட்வைஸ் டூ’வை அந்த வரிசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஹால் ரோச் நிறுவனத்திற்காக ஜேம்ஸ் பாரட் இயக்கிய, ஏறத்தாழ இருபது நிமிடம் ஓடும் படம் இது. அதற்கு முந்தைய ஆண்டுதான், நீண்ட படிக்கட்டில் பியானோவை ஏற்றப் போராடும் ‘த மியூசிக் பாக்ஸ்’ படத்தை இதே பாரட் இயக்கினார். அந்தப் படம் ஆஸ்கர் விருதும் பெற்றது. ஆகவே தொழில் தெரியாதவர் கையில் சிக்கியதால் படம் கெட்டது என்று சொல்லிவிட முடியாது.

கதை எளிமையானது. ஹார்டி மூளை நோய் மருத்துவர். லாரல் அவருடைய அலுவலகத்தில் தொலைபேசி இணைப்புகளைக் கவனிக்கிறார். பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு அவர்களுடையது: ஹார்டியின் மனைவி லாரலின் சகோதரி, லாரலின் மனைவி ஹார்டியின் சகோதரி. முதலாம் ஆண்டுத் திருமண நாள் விருந்துக்கு இரண்டு தம்பதியரும் ஒன்றுகூடுகிறார்கள். அந்தச் சகோதரியராகவும், அதாவது தத்தம் சகோதரியாக, லாரலும் ஹார்டியுமே பெண் வேடமிட்டு நடித்திருக்கிறார்கள் என்பதுதான் படத்தின் ஒரே புதுமை. காகிதத்தில் படிக்கும்போது அருமையான யோசனை என்றே தோன்றும்.

ஆனால் இவர்களுடைய நகைச்சுவை எங்கே பிறக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் சிக்கல் புரியும். லாரல் ஏதோ ஒன்றைத் தவறாகச் செய்கிறார். ஹார்டி உடனே கோபப்படுவதில்லை. கழுத்துப்பட்டையின் நுனியை விரல்களால் ஆட்டிக்கொண்டு, பொறுமையைத் திரட்டி, கேமராவை நேராக நோக்கி நம்மிடம் முறையிடுகிறார். அதற்குள் லாரல் தலையைச் சொறிந்தபடி அடுத்த தவறுக்குத் தயாராகிவிடுகிறார். ஒருவர் மூச்சு விடும் இடைவெளியை மற்றவர் நிரப்பும் இந்தத் தாளம், இருவரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், கைக்கெட்டும் தொலைவில் நின்றால்தான் அமையும். ‘ட்வைஸ் டூ’வில் நால்வரும் சேர்ந்து தோன்றும் காட்சிகளுக்காக, ஒரே நடிகரை இரு வேடங்களில் தனித்தனியே படமெடுத்துப் பிறகு ஒரே சட்டகத்தில் இணைக்க வேண்டியிருந்தது. அதனால் ஹார்டி தம் சகோதரியிடம் பேசும்போதும், லாரல் தம் சகோதரியை ஏறிட்டுப் பார்க்கும்போதும், எதிரே ஆள் இல்லாத வெற்றிடத்தோடு பேசுவதுபோல ஒரு தயக்கம் தெரிகிறது. அந்தத் தந்திரம் தொழில்நுட்ப அளவில் நேர்த்தியாகவே செய்யப்பட்டிருக்கிறது. அந்த நேர்த்திக்காக நடிகர்கள் கொடுத்த விலைதான் அதிகம்.

குரலையும் இழந்துவிட்டார்கள். பெண் வேடங்களுக்குக் கரோல் டெவிஸ், மே வாலஸ் என்ற நடிகையர் குரல் கொடுத்திருக்கிறார்கள். லாரலின் உதட்டிலிருந்து அந்தக் கீச்சுக்குரல் வரும்போது, உள்ளே இருப்பவர் லாரல் என்பதே மறந்துபோகிறது. 1930இல் வந்த ‘அனதர் ஃபைன் மெஸ்’ஸில் அவர் ஆக்னஸ் என்ற பணிப்பெண்ணாக வேடமிட்டு, நடிகை தெல்மா டாட் அருகில் உட்கார்ந்து கதை பேசும் காட்சியை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே பாவாடைக்குள் இருப்பது அப்பாவி லாரல்தான் என்பது ஒவ்வொரு சொல்லிலும் நமக்குத் தெரிகிறது. எப்போது மாட்டிக்கொள்வாரோ என்று பதறிக்கொண்டே சிரிக்கிறோம். ‘ட்வைஸ் டூ’வில் மாட்டிக்கொள்ள எதுவுமே இல்லை, ஏனென்றால் கதைக்குள் யாரும் வேடமிடவில்லை, அங்கே அவர்கள் உண்மையிலேயே மனைவியர்.

இரட்டை வேடமே இவர்களுக்கு ஒத்துவராது என்று நான் சொல்லவில்லை. 1930இல் வந்த ‘பிராட்ஸ்’ படத்தில் தந்தையராகவும் குறும்புக்காரப் பிள்ளைகளாகவும் அவர்களே நடித்தார்கள். பிள்ளைகளுக்காக அறைகலன்களை மிகப் பெரிதாகச் செய்து அமைத்தார்கள். அதில் பெரும்பாலும் தந்தையர் இருவரும் ஓர் அறையில், பிள்ளைகள் இருவரும் வேறோர் அறையில் இருப்பார்கள். எந்த அறைக்குப் போனாலும் அங்கே லாரலும் ஹார்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். இணை உடையவே இல்லை. அதையும் இயக்கியவர் பாரட்தான்.

‘ட்வைஸ் டூ’ முழுவதும் வீண் என்று ஒதுக்கவும் மாட்டேன். தொடக்கத்தில் வரும் அலுவலகக் காட்சியில் பெண் வேடம் குறுக்கே வராத வரை பழைய தாளம் அப்படியே இருக்கிறது. இணைப்புக் கம்பிகளோடு லாரல் படும் பாட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். விருந்து தொடங்கியதும்தான் படம் சோர்ந்துபோகிறது. முகத்தில் கேக் படும் பழகிய சிரிப்பை நம்பி முடிக்க வேண்டிய நிலைக்கும் வந்துவிடுகிறது.

இன்னொரு பெரிய இழப்பு, மனைவியராக நடிக்கும் நடிகையர் இல்லாமல் போனது. இவர்களுடைய படங்களில் மனைவி என்பவர் வெறும் துணைப் பாத்திரம் அல்லர். இருவரும் சேர்ந்து அஞ்சி நடுங்க வேண்டிய சக்தி. அதே 1933ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘சன்ஸ் ஆஃப் த டெசர்ட்’ முழுநீளப் படத்தில் திருமதி ஹார்டியாக மே புஷ் காட்டும் சினத்தைப் பார்த்தால் இது விளங்கும். சமையலறைப் பாத்திரங்கள் ஹார்டியின் மீது பறக்கும்போது, அவருடைய கலக்கத்திற்கு எதிரே உண்மையான ஒரு மனிதர் நிற்கிறார்.